மாப்ளெ, மொதல்ல வேஸ்ட் துணியில ஓட்டிப் பாரு

ஏம்ப்பா மாப்ளெ, நேத்து ரவைக்குப் பத்து மணிக்கு மேல போனைப் போட்டு, கொரலத் தாழ்த்திக்கிட்டு, "மாமா, ஒரு சமாச்சாரமுங், ஆருகிட்டயும் சொல்லீராதீங்க"ன்னு ஆரம்பிச்சயே, எங்கக்கா பையன் ஒரு வழியா பொண்ணு பாத்துட்டான்னு நெனச்சு கட்டில்ல எந்திரிச்சே உக்காந்துட்டேன். உங்கத்தை வேற "ஆருங்க, ஆருங்க"ன்னு பக்கத்துல வந்து காதக் குடுத்துட்டு நிக்கறா. கடைசில என்னடான்னா, கம்ப்யூட்டருல ஃபைல் பாக்கறதுக்கு விண்டோசோட வாரது வேண்டாம்னு, எவரோ ஒருத்தரு வீட்டுல உக்காந்து ஆசைக்குச் செஞ்ச ஃபைல் மேனேஜரு ஒண்ணு இருக்குதாம், அதப் போட்டுப் பாக்கலாமுங்களான்னு கேக்கறே. "ஃபைலாமா"ன்னு சொன்னேன். உங்கத்தை தலையில அடிச்சுக்கிட்டு போய்ப் படுத்துட்டா.

சரி, கேட்டுட்டே. ராத்திரியில சொன்னா உன்ற மண்டையில ஏறாதுன்னுதான் காலையில நம்ம திருப்பூர் ராயபுரத்துல கரண்டு இருக்கறப்பவே எழுதி அனுப்பறேன். எக்ஸ்போர்ட் ஆபீசுல ஏசியில உக்காந்து இதைப் படிச்சுட்டு, டீ டைம்ல ஒருக்கா மறுபடியும் படி.

நீ சொன்ன சாமானம் எனக்குப் புதுசில்ல. டபுள் கமாண்டர் தானே? என்ற எம்பிராய்டரி யூனிட்டுல மூணு வருசமா அதுதான் ஓடுது. அலெக்சாண்டர் கோப்லோவ்னு ஒருத்தரு முன்னால நிக்க, கூட நாலு பேரு கை குடுத்துச் செஞ்சது. பத்து வருசத்துக்கு மேல பூஜ்யம் புள்ளி அஞ்சு, பூஜ்யம் புள்ளி ஏழுன்னே நம்பர் போட்டுட்டு இருந்தாங்க. சரக்கு பூரா ரெடியாகியும் "இன்னும் அயர்ன் பண்ணலீங்க"ன்னு கூச்சப்படற ஆளுக. நம்மூருல மொத பீஸு மெஷின விட்டு எறங்கறதுக்கு முந்தியே ஷிப்மெண்ட் ரெடின்னு பையருக்கு மெயில் போடற கூட்டத்துல நீ இருக்கறே. அவியளப் பாத்து நீ பயப்படறே.

உன்ற பயம் என்னன்னு எனக்குத் தெரியாதா? "கம்பெனி இல்லீங்களாமா மாமா, தனி ஆளாமா"ன்னு ரெண்டு தடவ சொன்னே. அட மசையா, ரெண்டு பவர் டேபிளும் ஒரு ஓவர்லாக்கும் போட்டு, பொறத்தால மாட்டுக் கொட்டாயிய வெச்சிருந்த உங்க தாத்தன் வாசல்ல தொங்கவிட்ட போர்டுல என்ன எழுதியிருந்துது? "கம்பெனி"ன்னுதான். இந்த ஊருல ஒரு மெஷின் போட்டாலும் அது கம்பெனிதான், வேலைக்குப் போறவங்க எல்லாரும் கம்பெனிக்குத்தான் போறாங்க. 1978-ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரரு வெள்ளை டீ-சர்ட் தேடிட்டு இந்த ஊருக்கு வந்தாருன்னு எல்லாரும் கதை சொல்றாங்களே, அவரு வந்து நின்னப்ப இங்க என்ன கண்ணாடிக் கட்டடமா இருந்துது? ஓட்டு வீடும் சாக்கடையும்தான். "இவிய கம்பெனி இல்லீங்களாமா"ன்னு அந்த மனுசன் திரும்பிப் போயிருந்தார்னா இன்னிக்கு நீ எங்க உக்காந்து ஏசிக் காத்து வாங்குவே?

இன்னொண்ணு கேளு. 2018 அக்டோபருல விண்டோஸ் 10-க்குப் பெரிய அப்டேட் ஒண்ணு வந்துது. போட்டவங்க சில பேருக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே தொடச்சு வெச்ச மாதிரி ஆகிப்போச்சு. மைக்ரோசாஃப்ட்டே அந்த அப்டேட்ட நிறுத்தி, சரி பண்ணி, அடுத்த மாசந்தான் மறுபடி விட்டாங்க. ஆராவது "இனிமே விண்டோஸ் தொடமாட்டேன்"னு சொன்னாங்களா? இல்ல. பெரிய எடத்துல தப்பு நடந்தா அதுக்குப் பேரு அப்டேட்டு. தனி ஆளு செஞ்சதுல ஒரு பொத்தான் எடம் மாறி இருந்தாக்கூட வைரஸு. நம்ம ஊரு நாயம் எப்பவுமே அப்புடித்தான், மில்லுக்காரன் நூல்ல முடிச்சு விட்டா சகிச்சுக்குவோம், கைமடிக்கற பொம்பளைக்கு ஒரு பீஸு தப்பிப்போச்சுன்னா சனிக்கிழமை சம்பளத்துல புடிப்போம்.

அதுக்காக, கண்டதையும் எறக்கிப் போடுன்னு சொல்லலே. எறக்கற எடம் முக்கியம். கூகுள்ல ராயபுரம்னு அடிச்சுப் பாரு. மொதல்ல மெட்ராஸ் ராயபுரம்தான் வந்து நிக்கும். 1856-லயே ரயில் ஸ்டேசன் கட்டின எடமாச்சே, அவியளுக்கு முன்னுரிமை. எனக்கு வரவேண்டிய பாபின் பார்சல் ஒருக்கா அங்க போய் பதினஞ்சு நாள் கடக்கரைக் காத்து வாங்கிட்டு வந்துது. பேரு ஒண்ணுதான், வழி வேற. ஃபைலும் அப்புடித்தான், புரோகிராமும் அப்புடித்தான். செஞ்ச ஆளு வெச்சிருக்கற எடத்துல இருந்து எடுக்காம, அதே பேருல பச்சைக் கலர்ல பெரிசா "டவுன்லோட்"னு பொத்தான் போட்டு நாலு பேரு உக்காந்திருப்பானுக, அங்க போய் அமுக்கினியோ, ஃபைல் மேனேஜரோட சீட்டாட்டமும், கடன் குடுக்கற ஆப்பும், ஒறம்பரைகளா வந்து உக்காந்துக்கும். கெடாவெட்டு முடிஞ்சாலும் போகமாட்டாங்க.

போன்ல இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு வெச்சிருந்தயே, நெனப்பு இருக்குதா? மொதல்ல நல்லாத்தான் இருந்துது. ஊரே போட்டிருந்துது. அப்பறம் பெரிய எடத்துக் கைக்குப் போச்சு, விளம்பரம் மேல விளம்பரம். 2019-ல விளம்பரத் தில்லுமுல்லுன்னு கூகுள் கடையில இருந்து தூக்குனாங்க. 2020 ஜூன்ல நம்ம கவர்மெண்ட்டு தடை பண்ணுன 59 ஆப்புல அதும் ஒண்ணு. பாத்துக்க, தனி ஆளு செஞ்சதால கெட்டுப்போகலே. அமேஸ்னு ஒண்ணு, நம்ம நாட்டுப் பசங்க ஆரம்பிச்சது, இன்னிக்கும் போன்ல கமுக்கமா வேலை செய்யுது. அதுலயும் சரி, டபுள் கமாண்டருலயும் சரி, மூல நிரலயே தொறந்து வெச்சிருக்கறாங்க. செக்கிங்ல பனியன உள்பக்கம் திருப்பித் தையலப் பாப்பமல்ல, அந்த மாதிரி. நமக்குப் பாக்கத் தெரியாதுங்கறது வேற விசயம். திருப்பிக் காட்டறதுக்கு ஒருத்தன் கூச்சப்படலேன்னா அதுவே பாதி நம்பிக்கை.

டபுள் கமாண்டருல ரெண்டு பலகை பக்கத்துல பக்கத்துல நிக்குதே, அந்தச் சமாச்சாரம் எங்கிருந்து வந்துதுன்னு கேட்டே. அதும் ஒரு தனி ஆளோட வேலைதான். ஜான் சோக்கான்னு அமெரிக்காவுல ஒரு படிக்கற பையன், 1984-ல தன்ற சௌரியத்துக்குச் செஞ்சுக்கிட்டது, 1986-ல நார்ட்டன் கமாண்டர்னு கடைக்கு வந்துது. நீல நெறம், எடது பக்கம் ஒரு பட்டியல், வலது பக்கம் ஒரு பட்டியல். அதைப் பாத்து 1993-ல சுவிட்சர்லாந்துல கிறிஸ்தியான் கிஸ்லர்னு ஒருத்தரு விண்டோஸ் கமாண்டர் செஞ்சாரு. "விண்டோஸ்ங்கறது எங்க பேரு"ன்னு பெரிய எடத்துல மொறைக்கவும், 2002-ல டோட்டல் கமாண்டர்னு பேர மாத்திக்கிட்டாரு. அதைப் பாத்துதான் டபுள் கமாண்டர். தாத்தன், அப்பன், பேரன். இதுல இன்னொரு வேடிக்கை, 1990-ல விண்டோசோட வந்த ஃபைல் மேனேஜரையே, அந்தக் கம்பெனி ஒதுக்கின பொறவு, கிரெய்க் விட்டன்பர்க்குங்கற ஒருத்தரு ஆசைக்கு எடுத்து வெச்சுப் பேணிட்டு இருந்தாரு. 2018 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட்டே அதோட மூல நிரல வெளிய விட்டுட்டாங்க. அட்டாலியில போட்ட பித்தளைக் குண்டாவ எவனோ ஒருத்தன் புளி போட்டு வெளக்கி வெச்சிருந்தா, கடைசில வீட்டுக்காரியே "எடுத்துக்கப்பா"ன்னு குடுத்த மாதிரி.

ரெண்டு பலகை எதுக்குன்னா, கட்டிங் டேபிள நெனச்சுக்க. இக்கட்ட வெட்டின பண்டல், அக்கட்ட அனுப்ப வேண்டிய பண்டல். கண்ணுக்கு முன்னால ரெண்டும் இருந்தா, எதை எங்க வெச்சோம்னு கொழப்பம் இல்ல. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருல ஒரு சன்னலத் தொறந்து, காப்பி எடுத்து, இன்னொரு சன்னலத் தேடி, அதுக்குள்ள பையர்கிட்ட இருந்து போனு வந்து, பேசி முடிச்சுட்டு வந்து, எதக் காப்பி எடுத்தோம்னு மறந்து. இதுதானே உன்ற காலை பத்து மணி சோலி?

எனக்கு அது பொறுத்துக்கலாம். பொறுக்காத ஒண்ணு, ஃபைலோட வால, அதான் பேருல புள்ளிக்கு அப்பறம் வர்ற மூணெழுத்த, மறைச்சு வெக்கறது. எம்பிராய்டரிக்காரனுக்கு அந்த வாலுதான் உசுரு. வில்காம்ங்கற எம்பிராய்டரி சாஃப்ட்வேருல பன்ச்சிங் பண்றப்ப இஎம்பி-ன்னு ஒரு ஃபைல் வரும், அதுல திருத்தலாம், பெரிசு பண்ணலாம், எழுத்த மாத்தலாம். மெஷினுக்கு அனுப்பறது டிஎஸ்டி, தஜிமா மெஷின்காரங்களோட பழைய கணக்கு, ஊசி எங்க எறங்கோணும்னு மட்டும் இருக்கும். இஎம்பி-ங்கறது பேட்டர்ன் அட்டை, டிஎஸ்டி-ங்கறது வெட்டிப்போட்ட துணி. எக்ஸ்ப்ளோரரு ரெண்டுக்கும் வாலை மறைச்சு "ரோஸ்", "ரோஸ்"னு ரெண்டு தடவ காட்டுது. ஆபரேட்டர் பையன் இஎம்பி-ய பென்டிரைவுல போட்டுட்டுப் போய் மெஷினுக்குச் சொருகி, "மெஷின் படிக்கமாட்டீங்குதுங்"ன்னு திரும்பி வருவான். அரை ஷிப்ட் போச்சு. அமைப்புல போய் ஒரு டிக்க மாத்தினா எக்ஸ்ப்ளோரரும் வாலைக் காட்டும்தான். ஆனா இந்த ஊருல எவன் அமைப்புக்குள்ள போனான்? டபுள் கமாண்டருல வாலுக்குன்னு தனிக் கட்டமே இருக்குது. அதுக்காகவே அந்த ஆளுக்கு ஒரு மால போடோணும்.

இப்ப உன்ற மாமன் செஞ்ச கூத்தச் சொல்றேன். உங்கத்தைக்கு இன்னும் முழுசாத் தெரியாது.

போட்ட மொத நாளே எஃப் 5-ஐ அமுக்கினேன். எக்ஸ்ப்ளோரருல எஃப் 5-னா பட்டியல மறுபடி காட்டறது. நாமதான் ஒண்ணும் ஓடலேன்னா சும்மா அமுக்குவமே, கை அரிக்கறப்ப சொரியற மாதிரி. இதுல எஃப் 5-னா காப்பி. "அக்கட்ட அனுப்பட்டுமா"ன்னு கேக்குது. நான் கடுப்புல "ஓகே"ன்னு அமுக்கறேன். மறுபடி எஃப் 5, மறுபடி ஓகே. சாயங்காலம் பாத்தா ஒரே டிசைன் நாலு எடத்துல குட்டி போட்டிருக்குது. எஃப் 6-னா நகத்தறது, எஃப் 8-னா அழிக்கறது. அமுக்கறதுக்கு முன்னால எந்தப் பலகையில நிக்கறேன்னு பாரு, கீழயே எழுதி வெச்சிருக்கறாங்க, நாமதான் படிக்கறதில்ல. பென்டிரைவுல அழிச்சீன்னா ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது, எக்ஸ்ப்ளோரருல அழிச்சாலும் அப்புடித்தான். நொய்யல்ல எறக்கி விட்ட மாதிரி, போனது போனதுதான்.

அதுகூடப் பரவாயில்ல. மூணாவது நாளு பெரிய புத்தி வந்துது. கன்ட்ரோல் எம் அமுக்கினா, மொத்தமாப் பேரு மாத்தற சன்னல் வரும். நம்ம பென்டிரைவுல நானூத்திப் பதினேழு டிசைன். "ரோஸ் புதுசு", "ரோஸ் புதுசு ரெண்டு", "அண்ணாச்சி மயிலு", "பேபி யானை ஓகே"ன்னு பன்ச்சிங் பசங்க வாயில வந்த பேரெல்லாம். எல்லாத்துக்கும் முன்னால வருசையா நம்பர் போட்டுருவோம்னு நெனச்சேன். பேருங்கற கட்டத்துல அவிய ஏற்கெனவே ஒரு குறி வெச்சிருந்தாங்க, பழைய பேர அப்புடியே விடறதுக்கு. எனக்கு அது அழுக்கு மாதிரித் தெரிஞ்சுது. அழிச்சுப்போட்டு நம்பர மட்டும் விட்டேன். பக்கத்துலயே பழைய பேரு இது, புதுப் பேரு இதுன்னு ரெண்டு வருசையா எழுதித்தான் காட்டுனாங்க. படிக்கறதுக்கு எங்க நேரம்? டீக்காரன் வந்து நிக்கறான். அமுக்கிப்போட்டு, சன்னலையும் மூடிட்டு, டீ குடிக்கப் போய்ட்டேன்.

வந்து பாத்தா 001, 002, 003, கடைசி வரைக்கும் 417. ரோசும் இல்ல, மயிலும் இல்ல. ஜெயில்ல போட்ட மாதிரி எல்லாத்துக்கும் நம்பரு. வேற காப்பி? கேக்காதே. அந்தப் பென்டிரைவ்தான் மூலம், அதுதான் நகலு.

அன்னிக்கு முழுக்க, அப்பப் பேருகூடத் தெரியாத அந்த ஆள நான் திட்டுன திட்டு இருக்குதே, ஓரியாட்டத்துல கூட அப்புடிப் பேசமாட்டாங்க. "ஆசைக்குச் செய்யறவன் ஆட்டுக்குட்டி வளத்தக்கூடாதா"ன்னு கத்திட்டு இருந்தேன். என்ற மருமகதான், அவ பி.காம் படிச்ச புள்ள, பொட்டாட்டம் வந்து பக்கத்துல உக்காந்து, "மாமா, எஃப் 3-னு ஒண்ணு எழுதியிருக்குதுங்களே, அது என்னங்க"ன்னா. அமுக்கினா. ஃபைலோட உள்ளுக்குள்ள இருக்கற எழுத்தத் தொறக்காம அப்புடியே காட்டுது. முக்காவாசி குப்பை. ஆனா மேல மொத வருசையில, மாப்ளெ, எல்ஏ-ன்னு ரெண்டெழுத்துப் போட்டு, பக்கத்துல "ரோஸ் புதுசு ரெண்டு"ங்கற பேரு.

டிஎஸ்டி ஃபைலுக்கு 512 பைட்டுல ஒரு தலை இருக்குது. அதுல எல்ஏ-ங்கற எடத்துல டிசைன் பேரு பதினாறு எழுத்துக்கு, எஸ்டி-ங்கற எடத்துல மொத்தம் எத்தன ஸ்டிட்ச், சிஓ-ன்னா எத்தன தடவ நூல் மாத்தோணும், அப்பறம் அகல நீளம். வெளிய போட்டிருக்கற சட்டைய நான் கழட்டிட்டேன், உள்ள காலர் லேபிள் அப்புடியே இருந்திருக்குது! பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன், டிஎஸ்டி-க்குத் தலை இருக்கறதே அன்னிக்குத்தான் தெரியும். எக்ஸ்ப்ளோரரு ஒரு வெள்ளைக் காயிதப் படத்தக் காட்டிட்டு நிக்குமே தவுர, உள்ள என்னன்னு சொன்னதே இல்ல.

பாதிக்கு மேல பேரு கெடச்சுது. மீதியில லேபிள் காலி, இல்லாட்டி "அன்டைட்டில்டு". அங்கதான் மருமக இன்னொரு வேலை செஞ்சா. நாம பில்லு போடறதே ஆயிரம் ஸ்டிட்சுக்கு இவ்வளவுன்னுதானே? பில் புக்க எடுத்து வெச்சுக்கிட்டா. ஃபைல்ல எஸ்டி 14208-ன்னு இருந்தா, பில்லுல பதினாலாயிரத்து எரநூறுன்னு எந்தப் பார்ட்டிக்குப் போட்டிருக்கறோம்னு தேடறது. பேரு மாறுனாலும் ஃபைலோட தேதி மாறலே, அதையும் பில் தேதியோட ஒத்துப் பாக்கறது. ரெண்டு நாள்ல, பல் இல்லாத கெழவன் கரும்பக் கடிச்ச மாதிரி, ஒவ்வொண்ணா. நானூத்தி ஆறு தேறிப்போச்சு. அந்தத் திட்டு வாங்கின ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா? திருப்பூருல ஒரு கெழவன் தன்ற ஃபைல நாசம் பண்ணுவான், அவனுக்கு எஃப் 3 வேணும்னு கனவா கண்டாரு? தனக்குத் தேவைப்பட்டுது, செஞ்சாரு. நல்ல சாமானம் எல்லாமே அப்புடித்தான் வருது.

அதனால நீ போடறயா, போடு. ஆனா உன்ற ஷிப்மெண்ட் ஃபோல்டருல கை வெக்காதே. பழைய சாம்பிள் போட்டோ ஒரு நூறக் காப்பி எடுத்து வேற ஃபோல்டருல போட்டு, அதுல பேரு மாத்து, நகத்து, அழி, என்ன வேணா பண்ணு. புது டெய்லர் வந்தா எடுத்த எடுப்புல எக்ஸ்போர்ட் பீஸையா குடுக்கறே? வேஸ்ட் துணியக் குடுத்து நாலு தையல் போடச் சொல்லித்தானே பாக்கறே. வருசையும் பாத்துக்க: எக்ஸ்ப்ளோரரு எக்ஸ்பி காலத்துல இருந்தே 2-க்கு அப்பறம் 10-ன்னு நம்பராப் புரிஞ்சு அடுக்கும். வேற சிலது 1, 10, 11, அப்பறம் 2-ன்னு எழுத்தா அடுக்கும். ஸ்டைல் நம்பர் எல்லாம் மாறிப்போச்சுன்னு உன்ற மேனேஜர்கிட்ட அலறாதே. அமைப்புல மாத்திக்கலாம்.

இன்னொண்ணு, கேட்டுட்டுக் கோவிச்சுக்காதே. போன தீவாளிக்கு உன்ற லேப்டாப்ப நான் பாத்தேன். "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ ஓகே", "ஃபைனல் பையர் ஓகே திஸ் ஒன்", அப்பறம் "நியூ ஃபோல்டர் 17". மிச்சம் பதினாறும் எங்கடான்னு கேட்டா சிரிக்கறே. இந்த லட்சணத்துக்கு ரெண்டு பலகை என்ன, அவிநாசித் தேர் ஒசரத்துக்குப் பலகை வெச்சாலும் தேடிட்டேதான் இருப்பே. பில் நம்பர அப்புடியே சாய்கோட்டோட பேரா வெக்கப் பாத்து, விண்டோஸ் வேண்டாம்னு சொல்ல, "கம்ப்யூட்டர் சரியில்ல"ங்கறே. அந்தச் சாய்கோடு ஃபோல்டர்கள வழி பிரிக்கற கோடு, அத எப்புடிப் பேருக்குள்ள விடுவாங்க? நூல் கோனுக்குத் தனி ஃபோல்டர்னு சி-ஓ-என்-னு மூணெழுத்துல பேரு வெக்கப் போயி, அது மாட்டேன்னதும் வைரஸ்னு ஊரக் கூட்டினயே, அதும் வைரஸ் இல்ல. டாஸ் காலத்துல திரைக்கும் கீபோர்டுக்கும் வெச்ச பேரு அது, இன்னிக்கு வரைக்கும் வேற ஆருக்கும் விடறதில்ல. குலதெய்வத்துப் பேர நாய்க்கு வெக்கக்கூடாதுங்கற மாதிரி ஒரு கட்டுப்பாடு. வழிநெடுக ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா, பையர், சீசன், ஸ்டைல், கலர், சாம்பிள், திருத்தினது, மறுபடி திருத்தினதுன்னு போனீன்னா 260 எழுத்துல பழைய எல்லைக்கல்லு ஒண்ணு நிக்குது. 2016-க்கு அப்பறம் விண்டோஸ் 10-ல அதத் தளத்தலாம்னு ஆனாலும், தானா ஆகாது, சொன்னாத்தான் ஆகும். உன்ற இட்டாரிய நீயே கொஞ்சம் சுருக்கு.

போட்டுப் பாத்து ஏதாவது கோளாறு கண்டீன்னா, அந்த ஆளுக்கு "உங்க சாஃப்ட்வேர் வேஸ்ட்"னு ஒரே வரியில எழுதி அனுப்பாதே. செக்கிங்ல எப்புடி? குறை இருக்கற எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தானே ஆல்டருக்கு அனுப்பறோம். எந்த வெர்ஷன், எந்தப் பொத்தான அமுக்கினே, என்ன ஆச்சு, அவ்வளவுதான். அவரு உன்கிட்ட சம்பளம் வாங்கலே. பகல்ல வேற பொழப்பப் பாத்துட்டு ரவைக்கு உக்காந்து இதச் செய்யறவங்கதான் இந்த உலகத்துல பாதிப் பேரு. உங்க ஆபீசுல ஒரு கம்ப்யூட்டருல டோட்டல் கமாண்டர் இருக்குதே, தெறக்கறப்ப எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பொத்தானக் காட்டி இத அமுக்குங்கன்னு சொல்லுமே? ஒரு மாசம் பாத்துட்டுக் காசு குடுங்கன்னு கிஸ்லர் கௌரவமாக் கேக்கறது அது. நீ அத வருசக்கணக்கா அமுக்கிட்டு இருக்கறே. டீக்கடையில அத்தன வருசம் கணக்கு வெச்சீன்னா நாயரு விடுவானா?

நீ இப்ப எனக்குத் தமிழ்ல மெசேஜ் போடறயே, அது ஆரு வெச்ச வழி? அதிராம்பட்டினத்துல உமர் தம்பின்னு ஒருத்தரு, தேனீன்னு யுனிகோடு எழுத்துருச் செஞ்சு காசு வாங்காம ஊருக்குக் குடுத்தாரு. 2006-ல போய்ச் சேந்துட்டாரு. முகுந்தும் தமிழா குழுவும் எ-கலப்பை குடுத்தாங்க. நெசக் கலப்பை புடிச்ச இந்தக் கை மொதமொதல்ல கம்ப்யூட்டருல "அ" போட்டது அந்தக் கலப்பையிலதான். அப்பவும் இந்த ஊருல ஒருத்தரு கேட்டாரு, "கம்பெனி இல்லீங்களாமா?"ன்னு.

சரி, வெய்யிலேறுது, பாபின் மாத்தோணும். கடைசியா ஒண்ணு. நானூத்திப் பதினேழுல நானூத்தி ஆறுதான் தேறுச்சுன்னு சொன்னனல்ல? மீதிப் பதினொண்ணுக்கு லேபிளும் இல்ல, பில்லும் இல்ல. போன வாரம் வேஸ்ட் துணியில ஃப்ரேம் போட்டு ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன். மூணு பழைய பையர் லோகோ. ஒண்ணு பாதித் தாமரை. ஒண்ணு மாங்காயா முந்திரியான்னு தெரியலே. ஒம்பதாவது ஒரு ஆட்டின், அதுக்கு நடுவுல அஞ்செழுத்துல ஒரு பொண்ணு பேரு. ஃபைல் தேதி 2016 மே மாசம், ரவைக்கு எட்டே முக்காலு. காலேஜ் லீவுல பன்ச்சிங் கத்துக்கறேன்னு என்ற யூனிட்டுல ஒரு மாசம் உக்காந்திருந்த ஆளு ஆருன்னு மருமகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிஎஸ்டி-ல நூல் கலரு எழுதறதில்ல, அதனால நானாப் பாத்துச் செவப்புப் போட்டிருக்கறேன். துணி அட்டாலி மேல இருக்குது. ஞாயித்துக்கிழமை உங்கம்மா இங்க வாறேன்னு சொல்லியிருக்கறா, நீ அதுக்கு முன்னால வாறயா, இல்ல அவளே எடுத்துக்கட்டுமா?